ராத்திரி இரண்டு மணிக்கு ரவுட்டர் யாரோடு பேசுகிறது?

(நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை. அச்சுக்காகச் சில இடங்களில் சுருக்கப்பட்டுள்ளது.)



மின்வாரியத்துக்காரர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்து மீட்டரைப் பார்த்துக் கணக்கெடுத்துப் போகிறார். 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் அன்று சாயங்காலமே வீட்டில் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்துவிடும். ஏசியை விடிய விடிய ஓடவிட்டது யார், கீசரை அணைக்காமல் போனது யார், மோட்டார் எவ்வளவு நேரம் ஓடியது என்று ஒவ்வொன்றாகக் கிளம்பும். இதே வீட்டில் இணையத்துக்கும் மாதா மாதம் பணம் கட்டுகிறோம். அன்லிமிடெட் என்று விற்கிறார்கள். பல திட்டங்களில் சின்ன எழுத்தில் 3,300 ஜிபி என்று ஒரு வரம்பு இருக்கும், தாண்டினால் வேகம் படுத்துவிடும். இதற்கும் மீட்டர் உண்டு. ஆனால் அது நிறுவனத்தின் அலுவலகத்தில் ஓடுகிறது. போன மாதம் 600 ஜிபி ஆகியிருக்கிறது என்று அவர்களுடைய ஆப் காட்டினால், எதில் ஆனது என்று கேட்க நமக்குத் தோன்றுவதில்லை. தோன்றினாலும் பதில் சொல்ல ஆளில்லை.

இன்றைய பேச்சு அந்த விசாரணையைப் பற்றியது. வீட்டு இணையத்தில் எது வருகிறது, எது போகிறது, எந்தக் கருவியால் போகிறது என்று வீட்டுக்காரரே பார்ப்பது. அழைப்பிதழில் ‘கண்காணிப்பு’ என்று போட்டிருந்தார்கள். மகன் போனில் என்ன பார்க்கிறான் என்று கண்டுபிடிக்க வழி சொல்வார் என நம்பி வந்தவர்கள் இருந்தால் மன்னிக்க வேண்டும். அந்த விஷயத்துக்கும் கடைசியில் வருவேன். ஆனால் நான் நிற்பது மகன் பக்கம்.

முதலில் ஒரு பழைய வழக்கு. 1986. கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம். க்ளிஃப் ஸ்டோல் என்று ஒரு வானியலாளர்; ஆராய்ச்சிக்கு வந்துகொண்டிருந்த நிதி தீர்ந்துபோனதால் கணினிப் பிரிவுக்கு மாற்றப்பட்டவர். அங்கே கணினியைப் பயன்படுத்தும் நேரத்துக்குக் கட்டணம் வசூலிப்பார்கள். அந்தக் கணக்கில் 75 சென்ட் உதைத்தது. வேறு யாராக இருந்தாலும் முக்கால் டாலரைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்துக் கணக்கை நேர் செய்திருப்பார்கள். ஸ்டோல் தோண்டினார். யாரோ ஒருவர் பணம் கட்டாமல் சில வினாடிகள் கணினியைப் பயன்படுத்தியிருந்தார். வெளியிலிருந்து தொலைபேசி வழியாக வரும் இணைப்புகளில் அச்சு இயந்திரங்களை மாட்டி, வருகிறவர் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் தாளில் விழும்படி செய்தார். மாதக்கணக்கில் அந்தத் தாள்களோடு மல்லுக்கட்டினார். கடைசியில் பிடிபட்டவர் மேற்கு ஜெர்மனியின் ஹனோவர் நகரத்து இளைஞர் மார்க்கஸ் ஹெஸ். அமெரிக்க ராணுவக் கணினிகளில் புகுந்து எடுத்த தகவல்களை சோவியத் உளவு நிறுவனமான கேஜிபிக்கு விற்ற கூட்டத்தில் ஒருவர். ‘தி குக்கூஸ் எக்’ என்ற புத்தகத்தில் 1989இல் ஸ்டோலே இதை எழுதினார். துப்பறியும் கதை பிடிக்கும் என்றால் அதைத் தேடிப் படியுங்கள்.

இந்த வழக்கில் எனக்குப் பிடித்தது உளவாளி இல்லை, அந்த 75 சென்ட். ஸ்டோலுக்கு வழி காட்டியது ஒரு தொகை; அது இருக்க வேண்டிய அளவில் இல்லை, அவ்வளவுதான். இன்னொன்று, அவர் தன் ஆய்வகத்துக்குள் வரும் கம்பிகளில்தான் நின்று பார்த்தார். வீட்டு இணையத்தைக் கவனிப்பதற்கும் இதற்கு மேல் தத்துவம் எதுவும் கிடையாது: வாசலில் நில், அளவைப் பார். இரண்டு வருடம் கழித்து, 1988இல், அதே ஆய்வகத்தில் வான் ஜேக்கப்சனும் தோழர்களும் டிசிபிடம்ப் என்ற நிரலை எழுதினார்கள். கம்பியில் ஓடும் தரவுப் பொட்டலங்களை வரிவரியாகக் காட்டும் கருவி அது. இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 1998இல் ஜெரால்ட் கோம்ப்ஸ் என்பவர் அதே வேலையைப் படம் போட்டுக் காட்டும் ஈதரியல் என்ற நிரலை வெளியிட்டார். 2006இல் அதற்கு வயர்ஷார்க் என்று பெயர் மாறியது. கல்லூரியில் கணினி படித்தவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது அதைத் திறந்து, மளமளவென்று ஓடும் வண்ண வரிகளைப் பார்த்து மலைத்து, மூடியிருப்பார்கள்.

வயர்ஷார்க்கை மடிக்கணினியில் போட்டுவிட்டால் வீட்டில் எல்லோருடைய போக்குவரத்தும் தெரிந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. தெரியாது. வைஃபையில் ஒவ்வொரு கருவியும் ரவுட்டரோடு தனித்தனிச் சாவி போட்டுப் பேசுகிறது. உங்கள் மடிக்கணினிக்குத் தன்னுடையது மட்டும்தான் முழுசாகத் தெரியும். மற்றவற்றைப் பார்க்க வேண்டுமானால் எல்லாமே கடந்துபோகும் இடத்தில் நிற்க வேண்டும். அது ரவுட்டர்.

அங்கே நின்றால் என்ன தெரியும்? பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் கிட்டத்தட்ட எல்லாமே தெரியும் என்றிருப்பேன். 2013இல் எட்வர்ட் ஸ்னோடன் அமெரிக்க அரசின் ஒட்டுக்கேட்பை வெளியிட்ட பிறகு உலகம் விழித்துக்கொண்டது. இணையதளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் 2015 டிசம்பரில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. இன்று உங்கள் பிரவுசரில் வரும் பக்கங்களில் மிகப் பெரும்பாலானவை ஹெச்டிடிபிஎஸ், அதாவது மறையாக்கம் செய்து அனுப்பப்படுபவை. நடுவில் நிற்பவருக்கு உள்ளடக்கம் தெரியாது. என்ன படித்தீர்கள், என்ன எழுதினீர்கள், என்ன பாஸ்வேர்டு போட்டீர்கள் என்பதெல்லாம் ரவுட்டருக்கும் தெரியாது, இணைய நிறுவனத்துக்கும் தெரியாது.

மிச்சம் என்ன? யாரோடு, எப்போது, எவ்வளவு. இந்த மூன்றும் மறைவதில்லை. அவ்வளவுதானா என்று நினைக்காதீர்கள். இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்தின் ப்ளெட்ச்லி பார்க்கில் கார்டன் வெல்ச்மன் என்ற கேம்பிரிட்ஜ் கணித ஆசிரியர் இருந்தார். ஜெர்மானியச் செய்திகளின் குறியீட்டை உடைப்பதில் அவருக்குப் பெரிய பங்குண்டு. ஆனால் உடைப்பதற்கு முன்பே, எந்த வானொலி நிலையம் எதோடு, எந்த நேரத்தில் பேசுகிறது என்பதைத் தொகுத்தே எதிரிப் படையின் அமைப்பை வரைய முடியும் என்று காட்டினார். ஒரு வார்த்தைகூடப் புரியாமலே. வீட்டில் இதற்கு இணையான ஒன்றை 2017இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்தார்கள். தூக்கத்தை அளக்கும் கருவி, கேமரா, வைஃபை ஸ்விட்ச், பேச்சைக் கேட்கும் ஸ்பீக்கர் என நாலு கருவிகளை எடுத்துக்கொண்டார்கள். எல்லாமே மறைக்கப்பட்ட போக்குவரத்து. அதன் ஏற்ற இறக்கத்தை மட்டும் பார்த்து, வீட்டுக்காரர் எப்போது படுத்தார், எப்போது எழுந்தார் என்று சொல்ல முடிந்தது.

இதை இரண்டு விதமாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். நம்முடைய வாசலில் இப்படிப் பார்க்கும் இடத்தில் ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள். இணைய நிறுவனம் ஒன்று. கருவிகளைச் செய்த நிறுவனங்கள் இன்னொன்று. சேவை நிறுவனங்கள் தங்கள் பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சேர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவே இருக்கிறது. இத்தனை பேர் பார்க்கும் இடத்தில் பணம் கட்டுகிற வீட்டுக்காரர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். அவர் கண்ணைத் திறந்தால் அவருக்கும் அதே அளவு தெரியும் என்பது இரண்டாவது விஷயம். அவர் மனைவி எப்போது படுத்தார் என்பது உட்பட. அதைக் கடைசியில் பேசலாம்.

சரி, செய்முறை. பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று போட்டால் ரவுட்டரின் பக்கம் வரும். உள்ளே போகப் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். அநேகமாக ரவுட்டரின் அடிப்பக்கத்து ஸ்டிக்கரில் இருக்கும். சில இடங்களில் நெட்காரர் அதை மாற்றி வைத்துக்கொண்டு, கேட்டால் ‘அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு சார்’ என்பார். விடாதீர்கள். உங்கள் வீட்டுப் பூட்டின் சாவி அது. பணிவாக, ஆனால் விடாப்பிடியாகக் கேட்டு வாங்குங்கள்.

உள்ளே போனதும் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைத் திறங்கள். முதல் அதிர்ச்சி எண்ணிக்கை. நாலு பேர் வீட்டில் நாலு போன், ஒரு மடிக்கணினி என்று நினைத்திருப்போம். பட்டியல் பதினைந்தைத் தொடும். டிவி, டிவியில் செருகிய குச்சி, கேமரா, பிரின்டர், சென்ற தீபாவளிக்கு வாங்கிய வண்ண பல்பு, ஏசி, ஊருக்குப் போன மைத்துனரின் பழைய டேப்லெட். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மேக் முகவரி என்று பன்னிரண்டு இலக்கம் இருக்கும். அதன் முதல் பாதி, தயாரித்த நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டது. அதை வைத்து யார் பொருள் என்று தெரிந்துகொள்ளலாம். இதில் பலர் பயப்படும் ஓர் இடம் உண்டு. எஸ்பிரெசிஃப் என்று ஒரு பெயர் வரும். யாரோ சீனாக்காரன் உள்ளே புகுந்துவிட்டான் என்று பதறி எனக்கு போன் செய்தவர்கள் இருக்கிறார்கள். அது ஷாங்ஹாயில் இருக்கும் சிப் நிறுவனம். விலை குறைந்த ஸ்மார்ட் பல்பு, ஸ்மார்ட் பிளக் பலவற்றுக்குள்ளும் அதன் சிப்தான் இருக்கிறது. இன்னொன்று: ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 தொடங்கி, போன்கள் தங்கள் உண்மையான முகவரியை மறைத்துப் போலி முகவரி ஒன்றைக் காட்டுகின்றன. உங்கள் மனைவியின் போனே பெயர் தெரியாத விருந்தாளியாகப் பட்டியலில் நிற்கலாம். ஒவ்வொன்றாக அணைத்து, பட்டியலில் எது மறைகிறது என்று பார்ப்பதுதான் சுலபமான வழி. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. பிள்ளைகளோடு செய்தால் அவர்களே வேகமாக முடித்துவிடுவார்கள்.

பட்டியல் முடிந்தால் அளவு. சில ரவுட்டர்கள் கருவிவாரியாகக் காட்டும், பல காட்டாது. ஆர்வம் உள்ளவர்கள் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருளை ஏற்றக்கூடிய ரவுட்டரை வாங்கலாம். லிங்க்சிஸ் நிறுவனத்தின் நீல ரவுட்டர் ஒன்றில் லினக்ஸ் இருப்பதை ஆர்வலர்கள் கண்டுபிடித்துக் கேட்க, நிறுவனம் 2003இல் மூலநிரலை வெளியிட வேண்டியதாயிற்று. அதிலிருந்து பிறந்தது அது. அளவைப் பார்க்கும்போது வருவதையும் போவதையும் தனித்தனியாகப் பாருங்கள். வீடு என்பது பெரும்பாலும் வாங்கிக்கொள்ளும் இடம். நெட்ஃபிளிக்ஸ் ஹெச்டியில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை, 4கே என்றால் 7 ஜிபி வரை இறக்கும். இது எல்லாம் வரவு. செலவு, அதாவது வீட்டிலிருந்து வெளியே போவது, இயல்பாகக் குறைவாக இருக்கும். அது ஏறினால் காரணம் கேட்க வேண்டும். போன் தன் படங்களை மேகக் கிடங்குக்கு ஏற்றிக்கொண்டிருக்கலாம். விண்டோஸ் கணினி, தான் இறக்கிய அப்டேட்டை முன்பின் தெரியாத கணினிகளுக்குப் பகிர்ந்துகொண்டிருக்கலாம். அதற்கென்றே அமைப்பில் ஒரு தேர்வு இருக்கிறது, போய்ப் பாருங்கள். கேமராவாகவும் இருக்கலாம். வினாடிக்கு 2 மெகாபிட் என்ற சாதாரண வேகத்தில் ஒரு கேமரா நாள் முழுக்க வெளியே அனுப்பினால் 21.6 ஜிபி, முப்பது நாளில் 648 ஜிபி. நான் ஆரம்பத்தில் சொன்ன 600 ஜிபி வீட்டில் யாரும் படம் பார்த்தே இருக்க வேண்டியதில்லை.

அளவுக்கு அடுத்தது பெயர்கள். எந்தக் கருவியும் ஒரு தளத்தைத் தொடுவதற்கு முன்னால் அதன் பெயரைச் சொல்லி எண்ணைக் கேட்கும். 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த டிஎன்எஸ் என்ற ஏற்பாடு அது. அந்தக் கேள்விகளுக்கு வீட்டுக்குள்ளேயே பதில் சொல்ல ஒரு சின்னக் கணினியை உட்கார வைத்தால், யார் யார் யாரைக் கேட்டார்கள் என்ற பதிவு நம் கையில் இருக்கும். இதற்குப் பேர்போனது பை-ஹோல் என்ற இலவச நிரல். ராஸ்பெர்ரி பை எனும் உள்ளங்கை அளவுக் கணினியில் ஓடும். விளம்பரத் தளங்களின் பெயரைக் கேட்டால் ‘அப்படி யாரும் இல்லை’ என்று சொல்லிவிடும் என்பதால் பலரும் அதை விளம்பரத் தடுப்புக்காக வைக்கிறார்கள். எனக்கு அதன் பதிவேடுதான் முக்கியம். வீடே தூங்கிக்கொண்டிருக்கும் இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவே எத்தனை கேள்விகள் போயிருக்கின்றன என்று பாருங்கள். பாதி, மணி சரியா என்று கேட்பது, அப்டேட் உண்டா என்று கேட்பது. ஒன்றும் தப்பில்லை. மீதியில்தான் விஷயம்.

இதற்கும் சந்து உண்டு. சில கருவிகள் நாம் வைத்த ஆளைக் கேட்காமல் நேரே கூகுளின் 8.8.8.8 முகவரியிடம் கேட்கும். 2018இல் வந்த ஒரு தரம், பெயர் கேட்பதையே ஹெச்டிடிபிஎஸ்ஸுக்குள் ஒளித்துவிடுகிறது. நம்மைக் காப்பாற்ற வந்த மறைப்பே நம் கண்ணையும் மறைக்கிறது. இந்த முரணைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் என் பேச்சின் நடுவிடம் இதுதான்.

2013 நவம்பரில் இங்கிலாந்தில் ஒருவர் தன் புது எல்ஜி டிவியின் முகப்பில் விளம்பரம் வருவதைப் பார்த்துச் சந்தேகப்பட்டார். டிவியிலிருந்து போவதை இடைமறித்துப் பார்த்தார். சேனலை மாற்றும்போதெல்லாம் சேனலின் பெயர் எல்ஜியின் சர்வருக்குப் போய்க்கொண்டிருந்தது. அமைப்பில், பார்ப்பதைச் சேகரிக்கும் தேர்வு ஒன்று இருந்தது, அதை அணைத்தார். அணைத்த பிறகும் போனது. யூஎஸ்பி குச்சியைச் செருகினார். அதிலிருந்த கோப்புகளின் பெயர்களும் போயின. இன்னும் வேடிக்கை, கோப்புப் பெயர்கள் போய்ச் சேர்ந்த முகவரியில் வாங்கிக்கொள்ளப் பக்கமே இல்லை, ‘காணவில்லை’ என்று சர்வர் பதில் சொன்னது. ஆனால் டிவி சொல்லிக்கொண்டே இருந்தது. அவர் புகார் செய்தபோது, விதிமுறைகளை ஒப்புக்கொண்டுதானே பயன்படுத்துகிறீர்கள், கடைக்காரரிடம் கேளுங்கள் என்பதாக முதல் பதில் வந்தது. செய்தி உலகமெல்லாம் பரவிய பிறகு நிறுவனம் ஒப்புக்கொண்டு, மென்பொருளைத் திருத்தித் தருவதாக அறிவித்தது.

அவர் எப்படிக் கண்டுபிடித்தார்? அந்த டிவி எதையும் மறைக்காமல் வெட்டவெளியில் அனுப்பியது. இன்றைய டிவி அப்படிச் செய்யாது. நம்மை ஒட்டுக்கேட்பவர்களிடமிருந்து காப்பாற்ற வந்த அதே மறையாக்கம், டிவியை நம்மிடமிருந்து காப்பாற்றுகிறது. இதற்காக மறையாக்கத்தைக் குறை சொல்வது முட்டாள்தனம். அது இல்லாமல் வங்கிக் கணக்கு ஒருநாள் தாங்காது. ஆனால் வீட்டுக்குள் இருக்கும் பொருள், அதன் சொந்தக்காரரால் திறந்து பார்க்க முடியாத கடிதங்களைத் தினமும் அனுப்புகிறது என்பதை நாம் எவ்வளவு சுலபமாக ஏற்றுக்கொண்டோம் என்று நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

2017 பிப்ரவரியில் அமெரிக்காவில் விசியோ என்ற டிவி நிறுவனம் 22 லட்சம் டாலர் கட்டி ஒரு வழக்கை முடித்துக்கொண்டது. 1 கோடியே 10 லட்சம் டிவிகளில், உரிய அனுமதி வாங்காமல், திரையில் ஓடுவதை வினாடிக்கு வினாடி அடையாளம் கண்டு சேகரித்தது என்பது குற்றச்சாட்டு. ஏசிஆர் என்று இந்தத் தொழில்நுட்பத்துக்குப் பெயர். திரையில் தெரியும் படத்தின் சாயலை எடுத்துத் தரவுத்தளத்தோடு ஒப்பிடும். ஆகவே நீங்கள் பார்ப்பது கேபிளா, டிவிடியா என்ற கவலை அதற்கு இல்லை. லண்டன், கலிஃபோர்னியா, மாட்ரிட் ஆய்வாளர்கள் சேர்ந்து 2024இல் வெளியிட்ட ஆய்வில், டிவியை ஹெச்டிஎம்ஐ கம்பி வழியாக வெறும் திரையாகப் பயன்படுத்தும்போதும் இது வேலை செய்ததைப் பார்த்தார்கள். நான் அதைக் குறிப்பிடக் காரணம் வேறு. உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களாலும் படிக்க முடியவில்லை. எந்தப் பெயருக்கு, என்ன இடைவெளியில், எவ்வளவு போகிறது என்பதை மட்டும் அளந்தார்கள். அமைப்பில் அந்த அனுமதியை அணைத்தார்கள். அந்தப் பெயர்களுக்குப் போவது நின்றது. படிக்க முடியாவிட்டாலும், அணைத்த பொத்தான் உண்மையிலேயே அணைந்ததா என்று சரிபார்க்க முடிந்தது. ஸ்டோலின் 75 சென்ட் போல ஓர் அளவு. அந்தச் சரிபார்ப்பை நாமும் வீட்டில் செய்யலாம் என்பதற்காகத்தான் இத்தனை நேரம் ரவுட்டரையும் பை-ஹோலையும் கட்டிக்கொண்டு அழுதேன்.

கேமராக்களின் கதை வேறு மாதிரி. அங்கே ஆபத்து தயாரிப்பாளரிடமிருந்து மட்டும் வரவில்லை. 2016இல் மிராய் என்ற தீநிரல் உலகத்தின் கேமராக்களையும், அவற்றின் பதிவுப் பெட்டிகளையும், ரவுட்டர்களையும் பிடித்தது. அதனிடம் பெரிய வித்தை எதுவும் இல்லை. தொழிற்சாலையில் வைத்த பெயர், பாஸ்வேர்டு ஜோடிகள் அறுபது சொச்சம் கையில் வைத்துக்கொண்டு, இணையத்தில் கண்ட கதவையெல்லாம் தட்டியது. உச்சத்தில் ஏறக்குறைய 6 லட்சம் கருவிகள் அதன் பிடியில். அக்டோபர் 21 அன்று அந்தக் கருவிப் படை டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தின் மேல் ஏவப்பட்டது. அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ், ரெட்டிட் எல்லாம் மணிக்கணக்கில் முடங்கின. மிராயை எழுதியவர்கள் இருபது வயதை ஒட்டிய மூன்று இளைஞர்கள். மைன்கிராஃப்ட் விளையாட்டு சர்வர்களுக்கு நடுவேயான வியாபாரப் போட்டியில் தொடங்கியது, எழுதியவர்கள் கையை விட்டும் போய்விட்டது. 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

அந்த 6 லட்சம் கருவிகளின் சொந்தக்காரர்களுக்கு எதுவும் தெரியாது. கேமராவில் படம் வழக்கம்போல் தெரிந்துகொண்டிருந்தது. கருவியை அணைத்துப் போட்டால் மிராய் நினைவிலிருந்து போய்விடும். பாஸ்வேர்டை மாற்றாவிட்டால் சில நிமிடங்களில் திரும்ப வந்துவிடும். வீட்டுக்குள் தெரியக்கூடிய ஒரே தடயம், ரவுட்டரில் அந்தக் கேமராவின் பெயருக்கு எதிரே ஏறும் செலவுக் கணக்கு. நம்மூரில் கேமரா மாட்ட வருகிறவர் ‘போன்லயே பாக்கலாம் சார்’ என்று சொல்லி, அட்மின் என்ற பெயரையும் 12345 என்ற பாஸ்வேர்டையும் அப்படியே விட்டு, ரவுட்டரில் ஒரு கதவையும் திறந்து வைத்துவிட்டுப் போவது இன்னும் நடக்கிறது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், சுலபமாக ஊகிக்கும் பாஸ்வேர்டோடு இத்தகைய பொருளை விற்பது சட்டப்படி தடை. இந்தியாவிலும் சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனையைக் கட்டாயமாக்கும் விதி 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் சுவரில் ஏறிவிட்ட கேமராக்களை எந்த விதி வந்து கழற்றப்போகிறது?

நெட் ஸ்லோ என்ற புகாருக்கும் இதே கண்தான். அதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். 100 எம்பிபிஎஸ் திட்டம் என்றால் வினாடிக்கு 12.5 மெகாபைட்தான்; பிட்டையும் பைட்டையும் குழப்பிக்கொண்டு நெட்காரரோடு சண்டை போடாதீர்கள். வேகச் சோதனை பிரமாதமாக வந்தும் வீடியோ அழைப்பு திக்கினால், அந்த நேரத்தில் வீட்டில் எது மேலே ஏற்றிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் தன் வீட்டில் ஒரு பெரிய கோப்பை ஏற்றும்போது மற்றதெல்லாம் ஸ்தம்பிப்பதைத் துருவிப் பார்த்து, 2010 வாக்கில் காரணத்தைக் கண்டுபிடித்தார். ரவுட்டர், மோடங்களுக்குள் தரவு காத்திருக்கும் வரிசை அளவுக்கு மீறி நீளமாக வைக்கப்பட்டிருந்தது. உங்கள் பேச்சு ஒரு சினிமாவுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறது. 2012இல் கேத்லீன் நிக்கோல்ஸும், டிசிபிடம்ப் எழுதிய அதே வான் ஜேக்கப்சனும் இதற்கு ஒரு தீர்வு கொடுத்தார்கள். நல்ல ரவுட்டர்களில் எஸ்கியூஎம் என்ற பெயரில் இருக்கும், இருந்தால் போட்டுவிடுங்கள்.

இனி மனிதர்கள். பை-ஹோல் பதிவேட்டைத் திறந்து வைத்திருக்கும் ஒருவர், அதைக் கருவிவாரியாகப் பிரித்தும் பார்க்கலாம். கல்லூரி போகும் மகள் எந்த மருத்துவமனையின் தளத்துக்குப் போனாள், மனைவி எந்த வேலைவாய்ப்புத் தளத்தைத் தேடினார், தம்பியின் போன் எந்தக் கடன் ஆப்பைத் தொட்டது. பக்கத்தைப் படிக்க முடியாது, பெயர் போதும். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஒருவர் கதை கட்டிக்கொள்வார், அந்தக் கதை பெரும்பாலும் தப்பாக இருக்கும். இதைவிட மோசமான பயன்பாடும் நடக்கிறது. மனைவியின் ஒவ்வொரு அசைவையும் அறிந்து வைத்துக்கொள்ள இந்த வசதியைத் தேடும் கணவர்கள் இருக்கிறார்கள், என்னிடமே கேட்டிருக்கிறார்கள். வாடகைக்கு வைஃபையும் சேர்த்துத் தரும் விடுதி முதலாளிகள் இருக்கிறார்கள். 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். அந்தத் தீர்ப்பு முதன்மையாக அரசை நோக்கிச் சொன்னது. வீட்டுக்குள் அதை யாரும் வந்து அமல்படுத்த மாட்டார்கள்.

என் கட்சி இது: டிவியை விசாரியுங்கள், கேமராவை விசாரியுங்கள், பல்பை விசாரியுங்கள். போனையும் மடிக்கணினியையும் விட்டுவிடுங்கள். பை-ஹோலில், யார் எதைக் கேட்டார்கள் என்பதைப் பதியாமல் மொத்தக் கணக்கை மட்டும் வைக்கும் தேர்வு இருக்கிறது. பெரும்பாலான ரவுட்டர்களில் விருந்தினர் வைஃபை என்று ஒன்று உண்டு. பேசும் பொருட்களையெல்லாம் அதில் தள்ளிவிடுங்கள். உங்கள் மடிக்கணினி இருக்கும் பக்கம் அவற்றால் எட்டிப் பார்க்க முடியாது, உங்கள் கவனிப்பும் அவற்றோடு நிற்கும். சின்னக் குழந்தைகளுக்குத் தடுப்பு வேண்டும் என்றால் வையுங்கள், அவர்களிடம் சொல்லிவிட்டு வையுங்கள். பதினாறு வயதுப் பையனை ரவுட்டர் பதிவேட்டை வைத்து வளர்க்க முடியாது. அவன் மொபைல் டேட்டாவைப் போட்டுக்கொண்டு மாடிக்குப் போய்விடுவான், உங்களுக்கு அங்கே அதிகாரம் இல்லை. வீட்டில் யாராவது இணைய மோசடியில் பணத்தை இழந்தால், பதிவேட்டைத் துழாவி யார் தப்பு என்று கண்டுபிடிக்கும் நேரமல்ல அது. முதல் வேலையாக இணையக் குற்ற உதவி எண்ணான 1930க்கு போன் செய்யுங்கள்.

இந்தக் கூட்டத்தின் அமைப்பாளர்கள், பேச்சின் முடிவில் இந்த மண்டபத்து வைஃபையில் இணைந்திருக்கும் கருவிகளைத் திரையில் போட்டுக் காட்டினால் நன்றாக இருக்கும் என்று கேட்டார்கள். முடியாது என்றேன். உங்களில் பலர் போனுக்கு உங்கள் பெயரையே வைத்திருப்பீர்கள். நான் பேசிக்கொண்டிருந்தபோது யார் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்பதும் அதில் வந்துவிடும். அதற்குப் பதிலாக என் சொந்த ரவுட்டர் ஒன்றைக் கொண்டுவந்து, அதில் ஒரு டிவியையும் ஒரு கேமராவையும் இரண்டு பல்புகளையும் மட்டும் காலையிலிருந்து இணைத்து வைத்திருக்கிறேன். யாரும் தொடவில்லை, டிவி திரையும் அணைந்துதான் இருக்கிறது. வெளியே டீ தயாராக இருக்கிறதாம். குடித்துவிட்டு வாருங்கள், அவை இதுவரை யார் யாரைக் கூப்பிட்டிருக்கின்றன என்று எல்லோருமாகப் பார்க்கலாம்.